சாரல் வந்தால் மூக்கடைப்பு... ‘கரண்ட்’ வைத்தவர்களுக்கு சைனஸ் ஆபரேஷன் கைகொடுக்குமா?

ஆனி, ஆடி என்றால் தென்காசிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் சாரல். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கும் கூட்டம். ஆனால், குடும்பமே குளிக்க, துண்டும் கையுமாகக் கரையிலேயே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மூக்கு, தொண்டைப் பகுதியில் புற்றுநோய் வந்து, ‘கரண்ட் வைத்து’ குணமானவர்கள் அவர்களில் சிலர். நோய் போய்விட்டது, ஆனால் மூக்கடைப்பு, முகவலி, கெட்ட வாடையுடன் வரும் சளி மட்டும் போகவில்லை.

ஏன் இப்படி?

நம் முகத்துக்குள் நான்கு ஜோடி சைனஸ் அறைகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் சளியை, கண்ணுக்குத் தெரியாத மென்மயிர்கள் இடைவிடாமல் வாசல் நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கன்னத்து சைனஸுக்கு வாசல் மேற்பக்கம் இருப்பதால், இந்த மென்மயிர்கள் இல்லாவிட்டால் சளி தானாக வெளியேறாது. ஆறேழு வாரம் தரப்படும் கதிர்வீச்சு, புற்றுநோய்ச் செல்களோடு இவற்றையும் பாதிக்கிறது. சளி கெட்டியாகிப் பொருக்கு தட்டும், வாசல் ஒட்டிக்கொள்ளும், தேங்கிய சளியில் கிருமி வளரும்.

முதல் மருந்து உப்புத் தண்ணீர்

எடுத்தவுடன் ஆபரேஷன் இல்லை. தினமும் மூக்கைக் கழுவுவதுதான் முதல் படி. கொதித்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரை டீஸ்பூன் அயோடின் இல்லாத உப்பு போதும். தேவைப்பட்டால் டாக்டர் ஸ்பிரே தருவார். சளியைப் பரிசோதித்து ஆன்டிபயாடிக் தருவார்.

குழாய்த் தண்ணீர், அருவித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் 2024-ல் உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சல், தண்ணீர் மூக்கு வழியே ஏறுவதால்தான் வருகிறது. குற்றாலத்தில் தைலம் தேய்த்துக் குளிப்பது வழக்கம்தான். அதற்காக மூக்குக்குள் எண்ணெய் விடக் கூடாது.

ஆபரேஷன் எப்போது?

மாதக்கணக்கில் கழுவியும் மருந்து எடுத்தும் அடங்காவிட்டால், எண்டோஸ்கோப்பி ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கரும் ஸ்டாம்பெர்கரும் வளர்த்தெடுத்த முறை இது. முகத்தில் கத்தி படாது. மூக்கு வழியாகவே கேமரா நுழைத்து, அடைபட்ட வாசல்களைத் திறப்பார்கள். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சில சமயம் கன்னத்து சைனஸின் வாசலைத் தரைமட்டம் வரை அகலப்படுத்துவார்கள். மென்மயிர் தள்ளாவிட்டாலும் சளி தானே வடியும். உப்புநீரும் உள்ளே போய்வரும்.

இந்த ஆபரேஷன் பாதை போடும். இழந்த மென்மயிரைத் திருப்பித் தராது. எனவே, அதற்குப் பிறகும் கழுவுவதை விட முடியாது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் புண் ஆறுவதும் தாமதமாகும். கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால், இத்தகையவர்களுக்குச் செய்து அனுபவம் உள்ள நிபுணரிடம் போவதே நல்லது.

இதையெல்லாம் மறக்காதீர்கள்!

* மூக்கில் ரத்தம், ஒரு பக்க அடைப்பு, கழுத்தில் கட்டி, இரட்டைப் பார்வை இருந்தால் ‘சைனஸ்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நோய் திரும்பியிருக்கிறதா என்று ஸ்கேன், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை செய்து பார்த்த பிறகே ஆபரேஷன்.

* திருநெல்வேலியோ, திருவனந்தபுரமோ, சென்னையோ... எங்கு சிகிச்சை பெற்றிருந்தாலும், கதிர்வீச்சு விவரங்கள் உள்ள ஃபைலைக் கையோடு கொண்டுபோங்கள்.

* பல் பிடுங்கும் முன், ‘கரண்ட் வைத்திருக்கிறேன்’ என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

* காது அடைப்பும் கூடவே வரலாம். அதையும் காட்டிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த கையோடு அருவிக்கு ஓட வேண்டாம். மூக்கு நன்றாக ஆறி, டாக்டர் சம்மதித்த பிறகும் விழும் நீருக்கு முகத்தைக் காட்டாமல், முதுகை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். அதுவரை கரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் துணையாக, வீட்டில் ஒருவர் கூட உட்காரலாமே!