பதினோரு கிராம் உடம்பும் பதினாறு மணி நேர இரவும்



தூக்குவாளி நிறைய இருக்கும் டீ ரொம்ப நேரம் சூடாக இருக்கிறது. அதையே சின்ன டம்ளரில் ஊற்றினால் பேசி முடிப்பதற்குள் ஆறிப்போகிறது. பொருள் சிறிதானால் அதன் எடைக்கு மேற்பரப்பு அதிகம். வெப்பம் வேகமாக வெளியேறும். வகுப்பில் நாம் போட்ட இதே கணக்கில்தான் இங்கிலாந்துத் தோட்டத்துக் குருவிகளின் உயிர் ஊசலாடுகிறது!

அங்கே 'ப்ளூ டிட்' என்றொரு குருவி. எடை சுமார் 11 கிராம்தான். உடம்பின் சூடோ 40 டிகிரி செல்சியஸுக்கும் மேல். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை. அதற்குள் தின்று சேர்த்த கொழுப்பைத்தான் மீதி பதினாறு மணி நேரமும் எரிக்க வேண்டும். ஒருநாள் இரை கிடைக்காவிட்டால் மறுநாள் காலை அது எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

குருவியும் சும்மா இருப்பதில்லை. இறகை உப்ப வைத்து நடுவில் காற்றைப் பிடித்து வைக்கிறது. நீராவிக் குழாய்மேல் கண்ணாடிப் பஞ்சு சுற்றுகிறோமே, அதே வேலை! 'ரென்' என்ற குட்டிப் பறவை ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். 1969இல் நார்ஃபோக்கில் ஒரே கூட்டுப்பெட்டியில் 61 ரென்கள் இருந்தனவாம்! அப்படியும் 1962-63 கடுங்குளிரில் அந்த இனத்தில் பெரும்பகுதி செத்துப்போனது.

ஆகவே அங்குள்ளவர்கள் சூரியகாந்தி விதை, உப்பில்லாத நிலக்கடலை, உப்பில்லாத கட்டிக் கொழுப்பு ஆகியவற்றைத் தோட்டத்தில் வைக்கிறார்கள். விடிந்ததும் ஒருதரம், இருட்டுவதற்கு முன் ஒருதரம் வைப்பது நல்லது. பால் கூடாது, செரிக்காது. சமைத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பும் கூடாது. அது இறகில் அப்பிக்கொண்டால் கண்ணாடிப் பஞ்சை எண்ணெயில் நனைத்த கதைதான். தண்ணீர் உறைந்தால் உடைத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். உப்பு போட்டு உருக்கக் கூடாது.

நம்ம ஊர்ப்பக்கம் வாசலில் நெற்கதிர் கட்டித் தொங்கவிடுவாங்க. இங்கே அது குருவிக்கு விருந்து. அங்கே அதுதான் எரிபொருள்!

ஆனால் இரக்கப்பட்டு வைத்த தட்டே எமனாகவும் ஆகலாம். 2005 முதல் அங்கே 'க்ரீன்ஃபின்ச்' குருவிகளுக்குத் தொண்டையில் ஒரு ஒட்டுண்ணி நோய் பரவியது. எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. நோயுற்ற குருவியின் எச்சில் பட்ட தீனியையும் தண்ணீரையும் மற்றவை தொட்டால் தொற்றிக்கொள்கிறது. அதனால் வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, இடத்தையும் மாற்றி வைக்க வேண்டும். நோயுற்ற பறவை கண்ணில் பட்டால் கொஞ்ச நாளைக்குத் தீனி வைப்பதையே நிறுத்திவிட வேண்டும்; கூட்டம் கலைந்தால்தான் மற்றவை தப்பும்.