சிற்றூர்களில் இலக்கிய விழா

தமிழ்நாட்டில் இலக்கிய விழாக்கள் பெருகி வருவது யாவரும் மகிழத்தக்க விஷயமாகும். மாவட்டந்தோறும் புத்தகக் காட்சிகள் நடைபெறுகின்றன. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று நதிகளின் பெயரால் 2022-ஆம் ஆண்டு தொடங்கி இலக்கியத் திருவிழாக்களும் நடத்தப்பெற்றன. அரசாங்கத்தின் உதவியை எதிர்பாராமல், நாலைந்து அன்பர்கள் கூடிச் சந்தா வசூலித்துத் தங்கள் ஊரிலேயே விழா எடுப்பதும் உண்டு. இம்முயற்சிகளை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் பாராட்டோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. வந்த பிரசங்கிகள் ரயிலேறிப் போய், பந்தலையும் பிரித்த பிறகு, அவ்வூரில் மிஞ்சுவது யாது? இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாத விழா, எவ்வளவு ஆடம்பரமாக நடந்தாலும் ஒரு நாள் கூத்தேயாகும்.

இதற்கு மேல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. செட்டிநாட்டுக் காரைக்குடியின் சரித்திரமே போதும்.

1917-இல் அவ்வூர் இளைஞர்கள் சிலர் ஹிந்து மதாபிமான சங்கம் என்ற சபையை ஸ்தாபித்தனர். சிறை மீண்டு கடையத்தில் வசித்து வந்த பாரதியார், 1919-இல் அச்சங்கத்தாரின் விருந்தினராக அங்கே வந்தார். சர்க்காரின் சந்தேகத்துக்கு உள்ளான ஒரு கவிஞரை அழைத்து உபசரிப்பது அந்நாளில் சாமானிய காரியமன்று. கவிஞர் சங்கத்தாரைப் போற்றிப் பாடினார். கையில் கோலுடன் அவர் அமர்ந்திருக்கும் பிரசித்தமான படம் அங்கே எடுக்கப்பெற்றதுதான். இன்று தமிழர் கண்முன் நிற்கும் பாரதியார் திருவுருவத்தை நமக்குக் காத்துத் தந்ததில் ஒரு சிற்றூர்ச் சபைக்கும் பங்குண்டு. அச்சங்கத்தின் தூண்களில் ஒருவரான ராய. சொக்கலிங்கனார், பின்னர் 'ஊழியன்' பத்திரிகையை நடத்தினார். புதுமைப்பித்தன் சிறிது காலம் பணியாற்றியது அப்பத்திரிகையில்தான். வெளியூர் அறிஞரை வரவேற்றதோடு ஊர் திருப்தியடையவில்லை. தானும் எழுதிற்று, அச்சிட்டது, பிறரையும் எழுத வைத்தது.

அதே ஊரில் 1939-இல் கம்பன் கழகம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர், தேச விடுதலைப் போரில் சிறை சென்ற சா. கணேசன் அவர்கள். பங்குனி மாதத்தில் காரைக்குடியில் விழா நடத்தி, அத்த நாளன்று கம்பர் சமாதி இருப்பதாகப் போற்றப்பெறும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு செய்வது கழகத்தின் வழக்கமாயிற்று. குறித்த மணியில் தொடங்கிக் குறித்த மணியில் முடிக்க வேண்டும் என்பதில் கணேசன் காட்டிய கண்டிப்பு பிரசித்தமானது. ரசிகமணி டி.கே.சி.யும் பேசினார், பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தமும் பேசினார். அரசியலில் இரு துருவங்களில் நின்றவர்களையும் கவிதையின் பெயரால் ஒரே மேடைக்கு அழைக்கும் தைரியம் அங்கே இருந்தது. பிற்காலத்தில் சென்னை, புதுவை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலும் கம்பன் கழகங்கள் தோன்றின. சிற்றூர் பெருநகரங்களுக்கு வழிகாட்டிற்று.

ஆனால் அதே வட்டாரம் நமக்கு வேறொரு பாடத்தையும் புகட்டுகிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற அன்பர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், பல ஆண்டுகள் அலைந்து, கைப்பொருளைச் செலவிட்டு, நூல்களும் இதழ்களும் பிறவுமாகச் சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானார். பிறகு அச்சேமிப்பை விலைகொடுத்து வாங்கியது எது? கடல் கடந்த சிகாகோ சர்வகலாசாலை! அச்செல்வம் நாட்டை விட்டுப் போகாமல் 1994-இல் சென்னையில் நூல்நிலையமாக நிலைபெற்றது நம் நல்லகாலமே. அண்டை வீட்டில் இருந்த பொக்கிஷத்தின் மதிப்பை உணர்த்த அயல்நாட்டார் வர வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இன்றைய விழாக்களிலும் இந்தக் குறையைக் காண்கிறோம். தலைநகரிலிருந்து வரும் ஆசிரியருக்கு மாலை நேரமும் ஒரு மணிப் பிரசங்கமும். உள்ளூர் ஆசிரியருக்கு வரவேற்புரை, அல்லது ஜனங்கள் எழுந்து போகும் வேளையில் நன்றியுரை! நாற்காலி எடுத்துப் போடுவதற்கும் சந்தா திரட்டுவதற்கும் அவர் வேண்டும். அவர் எழுதிய நூல் மட்டும் வேண்டாம் போலும். வெளியூர் ஆசிரியர்கள் வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் வராவிட்டால் கிணற்றுத் தவளை மனப்பான்மை வளரும். ஆனால் வருகிறவர் உள்ளூர் ஆசிரியரின் நூலைப் படித்துவிட்டு வந்து, சபையறிய அதன் குணத்தையும் குற்றத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். அதுவே உண்மையான உபகாரம், பொன்னாடை உபகாரமன்று.

விழா நடத்தும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இவ்வளவே. வெளியூராருக்கு அளிக்கும் நேரத்தில் பாதியையேனும் உள்ளூராருக்கு அளியுங்கள். அவர்களுடைய நூல்களை ஊர் நூல்நிலையத்தில் சேர்த்துவிட்டு விழாவைத் தொடங்குங்கள். பிரசங்கங்களை அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புங்கள். பழைய ஏடும் இதழும் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று விசாரித்து, கரையான் அரிக்கும் முன் காப்பாற்றுங்கள். அமைச்சர் வரவுக்காகச் சபையைக் காக்க வைக்காதீர்கள்.

தேசம் என்பது தலைநகரம் மட்டுமன்று. தன் ஊர்ப் புலவனை மதிக்காத ஊர், வந்த புலவனையும் உண்மையில் மதிப்பதில்லை. அவனுடைய புகழை வேடிக்கை பார்க்கிறது, அவ்வளவே. வேடிக்கை பார்ப்பதை விட்டு, படிக்கவும் எழுதவும் காக்கவும் நம் சிற்றூர்கள் முன்வருமாக!