480 பேரின் ஈறும் ஒரு துளி உமிழ்நீரும்

ஈறு நோயைப் பற்றிப் படிக்கும் பல் வைத்திய மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் நம் மலையகத் தோட்டத் தொழிலாளரைச் சந்திக்காமல் இருக்க முடியாது. 1970-ல் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் குழுவினரும் டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். பிரஷ் கொண்டு பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்திய வசதியும் அவர்களுக்கு இல்லை. எல்லோர் பல்லிலும் ஊத்தையும் காரையும் படிந்திருந்தன. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். 8 சதவீதத்தினருக்கு நோய் மளமளவென்று முற்றிப் பல் விழுந்தது. 81 சதவீதத்தினருக்கு மெல்ல முற்றியது. மீதி 11 சதவீதத்தினருக்கோ ஈறு வீங்கியதோடு சரி.

ஊத்தை எல்லோருக்கும் இருந்தது. கேடு மட்டும் ஏன் ஒரே அளவில் இல்லை? நோயைத் தொடங்கி வைப்பவை கிருமிகள். ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பைப் பெருமளவு கரைப்பது நம் உடலின் எதிர்ப்புச் சக்தியேதான். கிருமியைக் கொல்ல ஈறுக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் எம்எம்பி-8 என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது ஈறின் நார்த்திசுவையும் அறுத்துவிடுகிறது. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. இவை ஈறின் இடுக்கு வழியே கசிந்து உமிழ்நீரில் கலக்கின்றன. ஆகவே வாயில் எரியும் அழற்சியின் அளவை உமிழ்நீரிலேயே அளக்கலாம். ஆனாலும் ஈறின் இடுக்கு ஆழத்தைக் கருவியால் அளந்து பார்க்கும் பரிசோதனைக்கு இது மாற்றாகாது.

சீனி வருத்தம் உள்ளவரிடம் இந்த அழற்சி இன்னும் மூர்க்கமாகிறது. இரத்தத்தில் மிகும் சர்க்கரை புரதங்களில் ஒட்டி வெள்ளணுக்களைச் சீண்டுகிறது. ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சமிக்ஞைகளோ இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று 1993-ல் எழுதியவரும் அதே லோதான். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது.

2010-ல் அந்த 480 பேரில் 75 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள். இந்த மனிதர்களின் வாயைப் பார்த்து உலகம் பாடம் கற்றது. அந்தப் பாடத்தின் பலன் முதலில் லயத்துக்கு வர வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் சீனி பார்க்கும்போதே ஈறையும் பாருங்கள். பல் துலக்கும்போது இரத்தம் வந்தால் சீனியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.