தாளிக்கும்போது அலறும் அலாரம்

கடுகு வெடித்து, மிளகாய் கொஞ்சம் கருகினால் போதும், கூடத்துப் புகை அலாரம் அலறத் தொடங்கிவிடும். யாராவது நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றுவார்கள். சமையல் முடியும், சாப்பாடு முடியும், பேட்டரி மட்டும் மேசையிலேயே கிடக்கும். இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் நம்மவர் வீடுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. தூங்குகிறவரைப் புகை வாசனை எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும்.

தாளிப்பை விட வேண்டியதில்லை. சமையலறைக்கு வேண்டியது புகைக்கு அல்ல, வெப்பத்துக்கு அடிக்கும் அலாரம். புகை அலாரம் கூடத்திலும் மாடிப்படி முகப்பிலும் இருக்கட்டும். அது சமையலறைக்கு மிக அருகில் இருந்தால் இடம் மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது என்று பொருள்.

இன்னோர் ஆபத்து கார்பன் மோனாக்சைடு வாயு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாய்லரிலோ கணப்பிலோ எரிபொருள் சரியாக எரியாதபோது, அல்லது புகைபோக்கி அடைத்துக்கொள்ளும்போது அது வீட்டுக்குள் சேர்கிறது. மழை வந்துவிட்டது என்று பார்பெக்யூ அடுப்பைக் கரியோடு உள்ளே தூக்கி வந்தாலும் இதே ஆபத்துதான். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். அதனால் உடலுக்கு ஆக்சிஜன் குறைந்து, தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்று ஃப்ளூ போலவே இருக்கும். ஆனால் காய்ச்சல் இராது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருகிறதா, வெளியே போனால் தெளிகிறதா என்று கவனியுங்கள்.

2015-இல் வந்து 2022 அக்டோபர் 1 முதல் விரிவாக்கப்பட்ட விதிகளின்படி, இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகை அலாரமாவது வீட்டுக்காரர் பொருத்த வேண்டும். பாய்லர், கணப்பு போன்ற நிலையான எரிபொருள் சாதனம் உள்ள, ஆள் புழங்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். கேஸ் அடுப்புக்கு மட்டும் விலக்கு. வாடகை தொடங்கும் நாளில் அவை வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதும், பழுது என்று சொன்னால் சரிசெய்வதும் அவர் கடமை. பேட்டரி மாற்றுவது உங்கள் பக்கம். கேஸ் சாதனங்களை வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் சேஃப் பதிவு பெற்றவரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றையும் உங்களிடம் தர வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. வீட்டுக்காரரோ அவர் குடும்பமோ வசிக்கும் வீட்டில், சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டு ஓர் அறையில் இருப்பவருக்கு இந்த அலார விதிகள் பொருந்தா. படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலர் தெரிந்த அக்கா வீடு, அண்ணன் வீடு என்று இப்படித்தான் தங்குகிறார்கள். அறை வாடகைக்குக் கொடுக்கும் அக்காமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அலாரங்களை மாட்டிவிடுங்கள். மாட்டாத வீட்டில் இருக்கும் பிள்ளை, தானே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி அறைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இஎன் 50291 என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டுக்காரர் அசையவில்லை என்றால் வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி, படமும் எடுத்து வையுங்கள். அடுத்தது உள்ளூர் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவு. விதிமீறலை நம்பக் காரணம் கிடைத்தால் 21 நாளுக்குள் கவுன்சில் நோட்டீஸ் தர வேண்டும். வீட்டுக்காரருக்கு 28 நாள் அவகாசம். அதற்குப் பிறகும் செய்யாவிட்டால் உங்கள் சம்மதத்தோடு கவுன்சிலே பொருத்த வேண்டும், அவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதமும் போடலாம். கவுன்சிலே வீட்டுக்காரர் என்றால், அதன் புகார்ப் பிரிவில் எழுதிக் கொடுத்து, பலனில்லாவிட்டால் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரான ஹவுசிங் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அலாரத்தின் பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பாருங்கள்; பேட்டரி புதிதாக இருந்தாலும் உள்ளே உணரும் பகுதிக்கு ஆயுள் உண்டு.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் சாதனத்தை அணைத்து, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே நின்று 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணை அழையுங்கள்; யாராவது மயங்கியிருந்தால் 999. மருத்துவரிடம் போனால், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம், நல்ல காற்றைச் சுவாசிக்கச் சுவாசிக்க அந்த அளவு இறங்கிவிடும்.