தானியங்கி வண்டியின் 'டொக்' ஓசை

கல்முனையும் அதனைச் சூழ்ந்த கரையோர ஊர்களும் சமதரை. இங்கு வண்டியோட்டிப் பழகியவர்க்கு ஹாண்ட் பிரேக்கின் தேவை அரிது. அவரே பதுளைக்குச் சென்று, சரிவில் 'பீ' என்னும் நிறுத்தநிலையில் விட்ட தானியங்கி வண்டியை மறுநாட் காலை நகர்த்தும்போது, அடியில் 'டொக்' என்றோர் ஓசை எழும். கியர்ப்பெட்டி போயிற்று எனக் கலங்குவார். போகவில்லை.

'பீ'யில் இட்டதும் கியர்ப்பெட்டியினுள் சிறு இரும்பு நா ஒன்று பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து அதனைப் பூட்டுகிறது. சரிவில் வண்டியின் பாரம் அந்நாவின்மீது சாய்கிறது. விடுவிக்கையில் தெறிக்கும் ஓசையே அது. காற்பிரேக்கை மிதித்தபடி 'என்' நிலைக்கு மாற்றி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்திப் பாரத்தை அதன்மேல் இறக்கிய பின்னரே 'பீ'க்குச் செல்லவேண்டும்.

சமதரையிலும் முன்னோக்கியோ பின்னோக்கியோ கியரை மாற்றுகையில் இடித்தால் செய்தி வேறு. எஞ்சினைத் தாங்கும் இறப்பர் மவுண்ட் பிளந்திருக்கலாம். கியர்ப்பெட்டிக்கு விலை பேசுமுன் பார்க்கவேண்டியது இதுவே. சற்றுத் தாமதித்து இடித்தால் கியர் ஒயிலின் அளவை நோக்குக. வளைவில் மட்டும் 'டக், டக்' என்றால் முன்சக்கர அச்சின் மூட்டை ஐயுறலாம். அதன் இறப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருப்பது குனிந்து பார்த்தாலே தெரியும்.