மடிக்கும் கைபேசி: வாங்கலாமா, வேண்டாமா?

வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். சந்தேபேட்டையில் நாற்பது வருடமாகப் பருப்பும் மஞ்சளும் விற்கிறேன். கைபேசியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அதில் சொந்தக் காசை விட்டவன் என்பதே என் தகுதி.

மடிப்பது பழைய வித்தைதான்

கன்னட நாட்டு வணிகர்கள் 'கடதம்' என்ற துணி ஏட்டில் கணக்கு எழுதினார்கள். துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரித்தூளும் பூசிக் காயவைத்து, விசிறி போல மடித்து, பலப்பத்தால் எழுதுவது. தப்பு வந்தால் அழித்துக்கொள்ளலாம். சிருங்கேரி மடத்துக் கடதங்கள் புகழ்பெற்றவை. எடுத்துப்போகச் சிறிசு, விரித்தால் பெரிசு என்பதே அதன் பயன். மடிக்கும் கைபேசியின் நோக்கமும் அதுதான்.

உள்ளே இருப்பது என்ன?

2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் மடிக்கும் பேசியைச் சோதனைக்குக் கொடுத்தபோது, சிலருடைய திரை ஓரிரு நாளிலேயே கெட்டது. மேலே இருந்த காப்புப் படலத்தைச் சாதாரண ஒட்டுத்தாள் என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். சீர்செய்து செப்டம்பரில்தான் விற்பனைக்கு விட்டார்கள். இந்தியாவில் விலை 1,64,999 ரூபாய். 2020 முதல் முடியைவிட மெல்லிய கண்ணாடியைத் திரையில் வைக்கிறார்கள். ஆனாலும் அதன்மேல் இருப்பது பிளாஸ்டிக் படலம்தான், நகம் பட்டால் தழும்பு விழும்.

முதல் பேசி 2 லட்சம் மடிப்பு தாங்கும் என்றார்கள். நாளுக்கு நூறு தடவை என்றால் 2000 நாள், அதாவது ஐந்தரை வருடம். 2025ல் வந்த ஃபோல்டு 7இன் திரைக்கு 5 லட்சம் என்கிறார்கள். எடை 215 கிராம், வெளிவந்தபோது விலை 1,74,999. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் சுத்தமான அறையில் இயந்திரம் மடித்த கணக்கு. அந்தப் பேசியின் காப்புத் தரம் ஐபி48. இதில் 8 தண்ணீருக்கு, 4 திடப்பொருளுக்கு. 4 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளை மட்டும் தடுக்கும் என்று பொருள். மஞ்சள் தூளின் பருமன் என்ன என்பது எனக்குத் தெரியும்!

என் அனுபவம்

கண்ணில் புரை வளர்ந்த பிறகு, ஸ்கேன் செய்த பழைய நூல்களைச் சின்னத் திரையில் படிக்க முடியவில்லை. "அப்பா, இது புத்தகம் மாதிரி விரியும்" என்றான் மகன். வாங்கினேன். பொய் சொல்லக்கூடாது, படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. சீவக சிந்தாமணி உரையின் பக்கம் முழுசாகத் தெரிந்தது. பதினான்காம் மாதம் மடிப்பின் மேல் கறுப்புக் கோடு விழுந்தது. உத்தரவாதம் ஒரு வருடம்தான். திரை மாற்றக் கேட்ட தொகைக்கு ஒரு நல்ல கைபேசியே வாங்கலாம். பழைய பேரேடு கிழிவதும் மடிப்பில்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

முடிவுரை

தூசியில்லாத இடத்தில் வேலை, அடிக்கடி பயணம், பெரிய திரையால் வருமானம், இந்த மூன்றும் உள்ளவர் வாங்கலாம். வாங்கும் முன் உள்திரை மாற்ற என்ன செலவு, காப்புறுதித் திட்டம் எத்தனை வருடம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மற்றவர்க்கு ஒரு சாதாரணக் கைபேசியும் ஒரு டேப்லெட்டும் போதும். நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். இரண்டும் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்று எங்கள் பெரியவர்கள் இல்லறத்தாருக்கு ஒரு விரதம் வைத்தார்கள். அதைக் காசு போன பிறகு நினைத்துக்கொண்டேன். நீங்கள் போகுமுன்பே நினைத்துக்கொள்ளுங்கள்.