நீலகிரிப் புல்வெளி மீட்பு

நீலகிரிப் புல்வெளி மீட்பு என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்து உயர்மலைகளில் அயல்மரங்கள் மூடிவிட்ட இயற்கைப் புல்வெளிகளை மீண்டும் உருவாக்கும் பணியாகும். புவி சூடாதலைத் தணிக்க முன்வைக்கப்படும் வழிகளுள் ஒன்றான மரநடுகை எல்லா நிலத்துக்கும் பொருந்துமா என்னும் கேள்வியை இப்பணி எழுப்புகிறது.

பின்னணி

இம்மலைகளின் பள்ளங்களில் சோலைக்காடுகளும் சரிவுகளில் புல்வெளிகளும் அமைந்திருந்தன. தோடர்களின் எருமைகளுக்கும் வரையாடுகளுக்கும் இப்புல்வெளிகளே மேய்ச்சல் நிலம். ஆங்கிலேயர் இவற்றைத் தரிசு எனக் கருதி, 19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தின் விறகுத் தேவைக்காகக் கற்பூர மரங்களையும் (யூக்கலிப்டஸ்) சீகை மரங்களையும் நட்டனர். விடுதலைக்குப் பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் இந்நடுகை மேலும் விரிவடைந்தது.

நீரும் கரிமமும்

கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றும் கற்பூர மரம் நடப்பட்ட பகுதி ஒன்றும் நீண்டகாலம் ஒப்பிடப்பட்டன. மரம் நட்ட பகுதியில் முதற் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடும், மறுசுழற்சியில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. மழையற்ற காலத்து நீரோட்டம் இதனினும் கூடுதலாகக் குறைந்தது. இம்மலைகளின் நீரே பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்களை இயக்கிப் பின்னர் பவானியைச் சேர்கிறது. ஆகவே இங்கு மரம் பெருகினால் கரிமம் உமிழாத மின்சாரத்துக்கும் சமவெளிப் பாசனத்துக்கும் உரிய நீர் குறையும். மேலும் புல்வெளி தன் கரிமத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் சேமிப்பதால், காட்டுத்தீயில் அது எளிதில் இழக்கப்படுவதில்லை.

கொள்கை முரண்

கூடுதல் காடு, மரப்பரப்பின் வழியே 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைச் சேமிப்பதாக இந்தியா 2015இல் உறுதியளித்தது. இந்திய வன அளவை நிறுவனமோ, ஒரு எக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருப்பின், அது எவ்வகை மரமாயினும் காடாகவே கணக்கிடுகிறது. இதனால் சீகையை அகற்றிப் புல் வளர்த்தால் கணக்கில் காடு குறைந்ததாகவே தோன்றும். மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும், அயல் தாவரங்களை அகற்றுவதற்கான மாநிலக் கொள்கையும் ஒரே ஆண்டில் (2022) வந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டும் ஒத்துச்செல்ல வேண்டுமாயின், நடுகை சமவெளியின் தரிசு நிலங்களுக்கு முன்னுரிமை தருவதே பொருத்தம்.

நடைமுறைச் சிக்கல்கள்

சீகையை வெட்டினாலும் மண்ணில் பல்லாண்டு உறங்கும் அதன் விதைகள் மீண்டும் முளைக்கின்றன. தொடர்ந்து களையெடுத்தல் இன்றியமையாதது. செங்குத்துச் சரிவுகளில் ஒரே வேளையில் மரங்களை அகற்றினால் மண் அரிக்கப்படும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. அத்தகைய தோப்புகளை விட்டுவைத்து, புதிதாகப் புல்வெளிக்குள் பரவும் இளங்கன்றுகளை முதலில் களைவது செலவு குறைந்த வழியாகும்.